ராஜா வந்தார், ஊர் என்ன சொன்னது?



ஆங்கிலேய அரச குடும்பத்தின் மேல் நம் சனங்களுக்கு இருக்கும் ஈர்ப்பைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அவர்கள் கடல் கடந்து நம் பக்கம் வந்தபோதெல்லாம் என்ன நடந்தது, நாம் என்ன செய்தோம், என்ன செய்திருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

இடுக்கி மலையில் இருக்கும் நம் வட்டவடையில் இதைப் பேச என்ன அவசியம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மலைப்பூண்டுக்கு விலை கிடைக்கவில்லை, கிராண்டிஸ் மரம் ஊற்றுத் தண்ணீரையெல்லாம் உறிஞ்சுகிறது, இந்த நேரத்தில் லண்டன் அரண்மனைக் கதை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பூண்டும் தண்ணீரும் இந்தப் பேச்சுக்குள் வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 செப்டம்பர் 8 அன்று எலிசபெத் ராணி காலமானார். இந்தியா முழுவதும் செப்டம்பர் 11 அன்று துக்க நாள் அனுசரித்தோம். கொடி அரைக் கம்பத்தில் பறந்தது. அந்த வாரம் நம் வீட்டுத் தொலைக்காட்சிகளில் என்ன ஓடியது? சவப்பெட்டியும், குதிரைப் படையும், வரிசையில் நின்ற லட்சக்கணக்கான மக்களும்தான். 1997 ஆகஸ்ட் 31 அன்று இளவரசி டயானா பாரிஸில் விபத்தில் இறந்தபோதும் இப்படித்தான். அந்தப் பெண்ணின் மொழி தெரியாது, நாடு தெரியாது. ஆனாலும் நம் வீட்டுப் பெண்கள் அவருக்காகக் கண் கலங்கினார்கள். மாமியார் வீட்டில் மனம் ஒடிந்த ஒரு மருமகளாகத்தான் அவரைப் பார்த்தார்கள். அந்தக் கண்ணீரை நான் குறைத்துப் பேசமாட்டேன். அது உண்மையான கண்ணீர்.

ஏன் இந்த ஈர்ப்பு? ராஜா ராணிக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது ஒரு காரணம். கிரீடமும் பல்லக்கும் ஊர்வலமும் கண்ணுக்கு விருந்து. அது இன்னொரு காரணம். ஆனால் இந்த இரண்டுக்கும் அடியில் வேறொன்று இருக்கிறது. தூர தேசத்துப் பெரியவர் ஒருவர் வருகிறார் என்றால், அவருடைய கண் ஒரு நொடியாவது நம் மேல் விழும் என்ற ஏக்கம் அது. யார் கண்ணிலும் படாமல் உழைக்கிறவர்களுக்கு அந்த ஏக்கம் கூடுதலாக இருக்கும். மலையில் இருக்கிறவர்களுக்கு அதைவிடக் கூடுதல். அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். மதிக்கிறதனால்தான் கேட்கிறேன்: அவர்கள் கண் நம் மேல் விழுந்தபோது எதைப் பார்த்தது? எதைக் காட்டினார்கள்? நாம் எதைச் சொன்னோம்?

1875ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். விக்டோரியா மகாராணியின் மூத்த மகன், பின்னாளில் ஏழாம் எட்வர்டு ஆனவர், அந்த டிசம்பரில் கொழும்பிலிருந்து கப்பலில் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். அங்கிருந்து ரயில். மணியாச்சி, மதுரை, திருச்சி, சென்னை. வழியெல்லாம் தோரணம், வரவேற்பு, வாண வேடிக்கை. மதுரைச் சீமைக்காரர்கள் அந்த ரயிலைப் பார்க்கத் திரண்டார்கள்.

அடுத்த ஆண்டே என்ன நடந்தது தெரியுமா? மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்துக்கொண்டது. பஞ்சம் பரவிய பகுதிகளிலெல்லாம் சேர்த்து ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்ததாக வரலாற்றாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அந்தப் பஞ்சத்தின் நடுவில்தான், 1877 ஜனவரி 1 அன்று, டெல்லியில் பெரிய தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார்கள். அதே மாதம் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி பஞ்சத்தைப் பார்வையிட வந்தார். நிவாரண வேலைக்கு வரும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட வராது. மண் சுமக்கிற ஆளுக்கு அதுதான் சாப்பாடு.

அதே 1877ஆம் ஆண்டு ஜூலை மாதம் நம் பக்கத்து மலையில் ஒரு காரியம் நடந்தது. ஜான் டேனியல் மன்றோ என்ற துரை பூஞ்சாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். பிறகு தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆள் வேண்டும். ஆள் எங்கிருந்து வந்தார்கள்? அந்த இளவரசர் ரயிலில் கடந்து போன அதே சீமையிலிருந்துதான் வந்தார்கள். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி. ஆள் பிடிக்கும் கங்காணி முன்பணம் கொடுத்தார். கடனோடு மலை ஏறினார்கள். போடிக்குப் பக்கத்தில் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் செங்குத்தான பாதை. இங்கே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஓர் அறைக்குள் ஒரு குடும்பம். இந்த மண்டபத்தில் இருக்கும் பலருக்குத் தோட்டத்தில் உறவு உண்டு. பெண் கொடுத்திருக்கிறீர்கள், பெண் எடுத்திருக்கிறீர்கள். உங்கள் பாட்டன் பூட்டன் கதையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இளவரசர் போன பாதையையும் கூலியாள் வந்த பாதையையும் ஒரே படத்தில் வரைந்து பாருங்கள். அது போதும், அந்த வருகையைப் புரிந்துகொள்ள.

நம் சனங்கள் எப்போதும் தோரணம் கட்டிக்கொண்டே இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1906 ஜனவரியில் ஐந்தாம் ஜார்ஜ், அப்போது இளவரசர், சென்னைக்கு வந்து எழும்பூரில் விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டினார். அந்தச் சிவப்புக் கட்டடம் இன்றும் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது. பதினாறே ஆண்டுகள் கழித்து, 1922 ஜனவரி 13 அன்று, அவருடைய மகன் எட்டாம் எட்வர்டு இளவரசராக அதே சென்னைக்கு வந்தார். அன்று சென்னை என்ன செய்தது? கடையடைத்தது! காந்தியடிகளின் ஒத்துழையாமைக் காலம் அது. வரவேற்பு நிகழ்ச்சிகளைப் புறக்கணியுங்கள் என்று காங்கிரஸ் சொல்லியிருந்தது. கலவரமும் நடந்தது; அதை நான் பாராட்டவில்லை, காந்தியடிகளும் பாராட்டவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தகப்பனைப் பார்க்க வந்த ஊர், மகன் வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டது. அந்தப் பதினாறு ஆண்டுகளில் ஊருக்குத் தன் மனம் என்ன என்று தெரிந்துவிட்டது.

அன்பர்களே, இப்போது நான் சொல்லப்போகும் வருகை என் மனத்தை எல்லாவற்றையும்விட அதிகமாக உறுத்துவது. அது நம் நாட்டில் நடந்ததல்ல. கடலுக்கு அப்பால், நம்மைப் போன்ற மலையில், நம்மைப் போன்ற தமிழர்கள் இருக்கும் இலங்கையில் நடந்தது.

மூணாறுத் தோட்டத்துக்குக் கங்காணி ஆள் பிடித்த அதே மாவட்டங்களிலிருந்துதான் கண்டிச் சீமைக்கும் ஆள் போனார்கள். ஒரே வீட்டில் அண்ணன் இந்த மலைக்கும் தம்பி அந்த மலைக்கும் போன குடும்பங்கள் உண்டு. 1948இல் இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. வந்த அதே ஆண்டு அந்த நாட்டுப் பாராளுமன்றம் ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்றது சட்டம். லயத்தில் பிறந்தவனிடம் என்ன பத்திரம் இருக்கும்? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடில்லாதவர்கள் ஆனார்கள். அடுத்து அவர்களுடைய வாக்குரிமையும் போயிற்று.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1954 ஏப்ரல் 10 அன்று, இளம் வயது எலிசபெத் ராணி கொழும்பில் வந்து இறங்கினார். விருந்தாளியாக வரவில்லை. அப்போது அவர் இலங்கைக்கும் ராணி. முடிசூட்டு விழாவில் உடுத்திய அதே உடையை உடுத்திக்கொண்டு பாராளுமன்றத்தைத் திறந்துவைத்தார். கண்டிக்குப் போனார், பெரஹரா பார்த்தார். ஏப்ரல் 21 வரை இருந்தார். கூட்டம் எங்கும் நிரம்பி வழிந்தது.

நினைத்துப் பாருங்கள். அவர் ராணியாக இருக்கும் நாடு. அந்த நாட்டுக்கு வருமானம் தேடித் தந்தது தேயிலை. அந்தத் தேயிலையைக் கிள்ளிய கை தமிழ்ப் பெண்ணின் கை. அந்தப் பெண்ணோ அந்த ராணியின் குடிமகளாக எண்ணப்படவில்லை. ராணி குடித்த தேநீருக்கு நாடு இருந்தது. கொழுந்து பறித்தவளுக்கு இல்லை!

அந்தப் பன்னிரண்டு நாள் கொண்டாட்டத்தில் இந்தக் கேள்விக்கு இடம் கிடைத்ததா? கிடைக்கவில்லை. மூன்று மாதங்களுக்கு முன்னால், அதே 1954 ஜனவரியில், நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையும் டெல்லியில் உட்கார்ந்து இந்த மக்களைப் பற்றி ஒப்பந்தம் போட்டார்கள், தீர்வு வரவில்லை. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். மனிதர்களைப் பங்கு போட்டார்கள். அந்தத் தாளில் பெயர் இருந்தவர்கள் ராமேசுவரம் வழியாக வந்தார்கள். நீலகிரிக்குப் போனார்கள், நம் கேரளத்தில் புனலூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்துக்குப் போனார்கள். அங்கேயே தங்கியவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003இல் கொண்டுவந்த சட்டத்தோடுதான் தீர்ந்தது. 1948 எங்கே, 2003 எங்கே? ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

ராணியம்மாள் தனிப்பட்ட முறையில் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கடமை தவறாதவர் என்று உலகமே சொல்கிறது, அதை நான் மறுக்கவில்லை. நான் கேட்பது அந்தக் கொண்டாட்டத்தைப் பற்றி. இத்தனை பெரிய வருகை, இத்தனை கூட்டம், இத்தனை மேளம். ஏழு லட்சம் பேரின் துயரம் அதற்குள் நுழைய ஒரு சின்னச் சந்துகூட இல்லாமல் போனதே, அதை எப்படி மறப்பது?

1961இல் ராணி இந்தியாவுக்கு வந்தார். குடியரசு தின விழாவில் அவர்தான் சிறப்பு விருந்தினர். பிப்ரவரி 19 அன்று சென்னை. அன்று அவருடைய மகன் ஆண்ட்ரூவுக்கு முதல் பிறந்த நாள். குழந்தை லண்டனில் இருந்தது. கிண்டி ராஜ்பவனில் கேக் வெட்டினார்கள். முதலமைச்சர் காமராஜர். அந்தக் கேக் படத்தைப் பத்திரிகையில் பார்த்துப் பூரித்தவர்கள் அநேகம். அந்த ஆண்ட்ரூவுக்கு என்ன ஆயிற்று? நடத்தைக் குற்றச்சாட்டுகள் அடுக்கடுக்காக வந்தன. 2025 அக்டோபரில் அவருடைய அண்ணன், மன்னர் சார்லஸ், இளவரசர் என்ற பட்டத்தையே அவரிடமிருந்து நீக்கினார். பட்டம் பிறப்போடு வருவது, போகாதது என்று நாம் நம்பிக்கொண்டிருந்தோம். அரண்மனையே அப்படி நம்பவில்லை.

அடுத்தது 1997. இது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சுதந்திரத்தின் ஐம்பதாவது ஆண்டு. அக்டோபர் 14 அன்று ராணி அமிர்தசரஸுக்குப் போய் ஜாலியன்வாலாபாக்கில் மலர்வளையம் வைத்தார். தலை குனிந்து நின்றார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. அங்கே பலகையில் எழுதியிருந்த சாவு எண்ணிக்கை மிகையானது என்று கணவர் பிலிப் பேசியதாகச் செய்தி வந்தது; நாடே கொதித்தது. கொதிக்காமல் என்ன செய்யும்? துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களின் வாசலில் நின்று எண்ணிக்கையில் தகராறா?

அக்டோபர் 16, சென்னை. தரமணியில் எம்.ஜி.ஆர். திரைப்பட நகரம். கமல்ஹாசன் 'மருதநாயகம்' படத்தின் தொடக்க விழாவை நடத்துகிறார். முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி இருக்கிறார், நடிகர் திலகம் சிவாஜி கணேசன் இருக்கிறார். ராணி வந்து உட்கார்ந்து பார்க்கிறார். யார் கதை அது? மருதநாயகம் என்ற யூசுப்கான். ராமநாதபுரம் பனையூர்க்காரர். ஆங்கிலேயக் கம்பெனிக்குப் படை நடத்தி, மதுரைக்கு ஆளுநராகி, பிறகு அதே கம்பெனியை எதிர்த்து நின்றவர். 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவரைத் தூக்கிலிட்ட தேதிக்கு மறுநாள், 233 ஆண்டுகள் கழித்து, ஆங்கிலேய ராணி அவர் கதையின் முன்னால் விருந்தினராக அமர்ந்திருக்கிறார்!

இந்தக் காட்சியை நான் மிக உயர்வாக நினைக்கிறேன். அந்தப் படம் முடியவே இல்லை, வெளிவரவே இல்லை. அது வேறு விஷயம். ஆனால் அன்று நடந்தது என்ன? வந்த விருந்தாளியை ஒரு தமிழ்க் கலைஞன் மரியாதையோடு உட்காரவைத்து, உங்கள் ஆட்சியை எதிர்த்தவன் கதை இது, பாருங்கள் என்று காட்டினான். வசை இல்லை, கூச்சல் இல்லை. மாலையும் போட்டான், தன் கதையையும் சொன்னான். விருந்தோம்பலும் நேர்மையும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மறுநாள் ராணி கொச்சிக்கு வந்தார். கோட்டைக் கொச்சியில் வாஸ்கோடகாமாவைப் புதைத்திருந்த புனித பிரான்சிஸ் தேவாலயத்தைப் பார்த்தார், மட்டாஞ்சேரியில் யூதர் ஆலயத்தைப் பார்த்தார். கொச்சிக்கு மிளகும் ஏலமும் எங்கிருந்து போயின? மலையிலிருந்து போயின. கொச்சி வரைக்கும் வந்த ராணிக்கு மலை தெரியவில்லை. மலையைக் காட்ட அங்கே யாரும் இல்லை.

2013 நவம்பரில் சார்லஸ் வந்தார், அப்போது இளவரசர். 65 வயது நிறையும் வாரம். அவர் திருச்சூர் மாவட்டத்தில் வாழச்சால் காட்டுக்கே போனார், யானை வழித்தடத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நல்ல காரியம். நம் ஊரில் யானையும் காட்டுப்பன்றியும் பயிரை அழித்துவிட்டுப் போன மறுநாள் காலை எப்படி இருக்கும் என்பதையும் யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை.

அங்கிருந்து அவர் கொழும்புக்குப் போனார். காமன்வெல்த் மாநாடு. ராணிக்குப் பதிலாக அவர் கலந்துகொண்டார். இலங்கையில் உள்நாட்டுப் போர் முடிந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தமிழ்நாடு கொந்தளித்தது, பிரதமர் மன்மோகன் சிங் மாநாட்டுக்குப் போகவில்லை. கனடா பிரதமர் ஹார்ப்பரும் போகவில்லை. சார்லஸ் நுவரெலியாப் பக்கம் லபுக்கலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். கொழுந்துக் கூடையோடு நின்ற நம் பெண்களைப் பார்த்தார். படம் உலகமெல்லாம் வந்தது. அழகான படம். அதில் பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அதே மாநாட்டுக்கு வந்த பிரிட்டிஷ் பிரதமர் கேமரூன், நவம்பர் 15 அன்று யாழ்ப்பாணம் போனார். யாழ்ப்பாண நூலகத்துக்கு வெளியே தாய்மார்கள் கூடிவிட்டார்கள். காணாமல் போன பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, போலீஸைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்கள். அவர்கள் கேமரூனைப் பார்க்க வரவில்லை. தங்கள் பிள்ளை முகத்தைக் கேமரூன் பார்க்க வேண்டும் என்று வந்தார்கள். அந்தப் படமும் உலகமெல்லாம் போயிற்று. ஒரே நாடு, ஒரே மாநாடு, இரண்டு படங்கள். எந்தப் படம் பேசியது என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தப் புள்ளியில் உங்களை நம்முடைய பழைய கதை ஒன்றுக்கு அழைத்துப் போகிறேன். இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சிலப்பதிகாரத்தில் ஓர் அரச வருகை இருக்கிறது. சேரன் செங்குட்டுவன் தன் தேவி வேண்மாளோடு மலைவளம் காண வருகிறான். பேரியாற்று மணல்கரையில் தங்குகிறான். நம் இடுக்கி மலை வழியாக ஓடும் அதே பெரியாறு. ராஜா வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு மலைக்குறவர்கள் இறங்கி வருகிறார்கள். வெறுங்கையோடு வரவில்லை. தந்தம், அகில், சந்தனம், தேன், ஏலம், மிளகு என்று மலையில் உள்ளதெல்லாம் சுமந்து வருகிறார்கள். காணிக்கை வைக்கிறார்கள். வணங்குகிறார்கள்.

வணங்கிவிட்டுத் திரும்பிப் போனார்களா? இல்லை. பேசினார்கள்! ஒரு மார்பை இழந்த பெண் ஒருத்தி எங்கள் மலைக்கு வந்தாள், வேங்கை மரத்தின் கீழ் நின்றாள், வானத்தவர் வந்து அவளை அவள் கணவனோடு அழைத்துப் போனார்கள், கண்ணால் கண்டோம், எந்த நாட்டாள் என்று தெரியாது, யார் மகள் என்று தெரியாது என்று சொன்னார்கள். அரசன் கேட்டான். உடனிருந்த புலவர் சாத்தனார் மதுரையில் கண்ணகிக்கு நடந்ததை விளக்கினார். அரசன் தேவியைப் பார்த்து உன் கருத்து என்ன என்று கேட்டான். நம் நாடு தேடி வந்த அந்தப் பத்தினியைக் கும்பிட வேண்டும் என்றாள் வேண்மாள். செங்குட்டுவன் இமயம் வரை போய்க் கல் எடுத்தான், கங்கையில் நீராட்டினான், கோயில் கட்டினான்.

கண்ணகிக்குக் கோயில் வந்தது யாரால்? மலைக்குறவர்கள் வாய் திறந்ததனால். அவர்கள் தேனையும் மிளகையும் மட்டும் வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுக் காடேறியிருந்தால் அந்தப் பெண்ணின் கதை வேங்கை மரத்தடியிலேயே போயிருக்கும். இன்றைக்கும் குமுளி மேலே மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்திரா பௌர்ணமி ஒருநாள் மட்டும் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் சனம் ஏறுகிறது. அந்த வழக்கத்தின் வேரில் எழுத்தறியாத மலைச்சனங்களின் ஒரு சாட்சி இருக்கிறது.

நம் முன்னோர் நமக்குக் காட்டிய அரச வருகை இது. ராஜா வந்தார், சனம் சொன்னது, ராஜா கேட்டார், காரியம் நடந்தது. 1875ஐயும் 1954ஐயும் 1997ஐயும் 2013ஐயும் இந்த வருகைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் நான் எடை போடுகிறேன்.

இன்னொன்று கேட்கிறேன். தயங்காமல் கை தூக்குங்கள். நம் இடுக்கி மாவட்டத்திலேயே ஒரு ராஜா இருக்கிறார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கட்டப்பனைக்குப் பக்கத்தில், காஞ்சியார் பஞ்சாயத்தில், கோழிமலை. மன்னான் பழங்குடி மக்களின் அரசர் ராமன் ராஜமன்னான். மதுரைப் பக்கமிருந்து வந்தவர்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்லும் சனம் அது. தமிழ் கலந்த பேச்சு. தலைப்பாகை கட்டிய அந்த ராஜா தன் நிலத்தில் விவசாயம் பார்க்கிறார். 2025 குடியரசு தின விழாவுக்கு அவரை அரசு விருந்தினராக டெல்லிக்கு அழைத்தார்கள். 1961இல் எலிசபெத் ராணி உட்கார்ந்து பார்த்த அதே விழா! லண்டன் அரண்மனையில் யார் மருமகள், யாருக்கு யாரோடு சண்டை என்று நமக்குத் தெரிகிறது. கோழிமலை ராஜாவின் பெயர் தெரியவில்லை. நம் முதுவான் குடிகளில் இன்று யார் காணி, அதாவது குடித் தலைவர், என்று இந்த மண்டபத்தில் எத்தனை பேர் சொல்லுவோம்? தம்பி தங்கைகளே, இந்தக் குறையை நீங்கள் தீர்க்க வேண்டும். குடிகளுக்குப் போங்கள், மூத்தவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிவையுங்கள்.

மலைச்சனம் வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆயிரம் ஆண்டு பின்னால் போகவும் வேண்டாம். 2015 செப்டம்பர், மூணாறு. பெம்பிளை ஒருமை என்ற பெண்கள் போராட்டம். 20 சதவீத போனஸ் கேட்டு நம் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே விடவில்லை.  எங்கள் பாடுகளைக் கேளுங்கள் என்றார்கள். தமிழில்தான் முழங்கினார்கள். கேரளம் முழுவதும் கேட்டது. கேட்ட போனஸ் வந்தது. 232 ரூபாயாக இருந்த நாட்கூலி பிறகு 301 ஆயிற்று. கூலி இன்னும் போதாது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1954இல் எந்தப் பெண்ணின் குரல் கொண்டாட்டத்துக்குள் நுழையவில்லையோ, அந்தப் பெண்ணின் தங்கைமார்தான் 2015இல் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். வட்டவடைக்கு லண்டன் ராஜா வருவாரோ மாட்டாரோ, அது நமக்கு வேண்டாம். அமைச்சர் வருகிறார், கலெக்டர் வருகிறார், எம்.பி. வருகிறார், வனத்துறைப் பெரிய அதிகாரி வருகிறார். சனி ஞாயிறு என்றால் பாம்பாடும் சோலை வழியாக வண்டி வண்டியாகச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். எல்லோரும் நம்மைப் பார்க்க வருகிறார்கள். என்ன காட்டுகிறோம்? படிக்கட்டு வயலைக் காட்டுகிறோம். பச்சையைக் காட்டுகிறோம். கேரட்டை மண்ணிலிருந்து பிடுங்கிக் கையில் கொடுத்துப் படம் எடுக்க நிற்கிறோம். நல்லது. அதோடு நிறுத்திவிடலாமா?

அடுப்புக்கு மேலே பரணில் பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டு, புகையிலே காயவைக்கிறோமே, அந்தப் பரணைக் காட்டுங்கள். காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பட்டம் சந்தையில் எவ்வளவு விலையாக மாறியது என்று வருகிறவரிடம் கேளுங்கள். கிராண்டிஸ் நின்ற சரிவில் வறண்டுபோன ஊற்றைக் காட்டுங்கள். 2006இல் அறிவித்த குறிஞ்சிச் சரணாலயத்தின் எல்லை யார் பட்டா நிலத்தில் எப்படி ஓடுகிறது என்று வரைபடத்தை விரித்துக் கேளுங்கள். ராத்திரி நேரத்தில் பிரசவ வலி வந்த பெண்ணை ஜீப்பில் ஏற்றி மூணாறு கொண்டுபோவது என்றால் என்ன என்று, அந்த ஜீப்பில் கூடப்போன தாய்மாரே எழுந்து சொல்லுங்கள். மலையாளம் வராவிட்டால் தமிழில் சொல்லுங்கள். கேட்க மனமுள்ளவருக்குத் தமிழ் புரியும்.

வருகிறவருக்குச் சால்வை போடுங்கள், மாலை போடுங்கள், பூண்டும் தேனும் கொடுத்து அனுப்புங்கள். விருந்தோம்பல் நம் மரபு, அதில் குறை வைக்க வேண்டாம். மாலை போட்ட கையோடு மனுவையும் கொடுங்கள். மனுவில் எல்லா வார்டுக்காரர்களும் கையெழுத்துப் போடுங்கள், குடிகளில் இருக்கிறவர்களின் கையெழுத்தும் வேண்டும். ஒரு நகலைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் பதிவு செய்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே ஆள் வரும்போது அந்த ரசீதை எடுத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருங்கள்.

அடுத்த கிராம சபைக்கு ஒரு வீடு தவறாமல் வாருங்கள். தாய்மார்கள் கட்டாயம் வர வேண்டும். வந்து பேச வேண்டும். முதல் மனுவை அங்கேயே உட்கார்ந்து எழுதுவோம்.